ஐந்தாவது பாக்கியம்

1902-ம் ஆண்டு அக்டோபர் 26-ம் தேதி, நியூஸிலாந்தின் வெலிங்டன் துறைமுகத்திலிருந்து ஒரு நீராவிக் கப்பல் கிளம்பியது. பெயர் வென்ட்னர். போகவேண்டிய இடம் ஹாங்காங். கப்பலில் நிலக்கரி இருந்தது. மாலுமிகள் இருந்தார்கள். தவிர, 499 சீனர்கள் இருந்தார்கள்.

அத்தனை பேரும் செத்துப்போனவர்கள்.

பயப்படாதீர்கள், பேய்க்கதை இல்லை. ஒரு சங்கத்தின் வரவு செலவு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

தெற்குச் சீனாவின் குவாங்டோங் மாகாணத்திலிருந்து தங்கம் தோண்டப் போனவர்கள் அவர்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்று போய், திரும்ப முடியாமல் அங்கேயே காலமானவர்கள். பல ஊர்க் கல்லறைகளில் கிடந்தவர்களைத் தோண்டி எடுத்து, எலும்புகளைச் சுத்தம் செய்து, பெட்டிகளில் அடுக்கி, பெயர் எழுதிக் கப்பலேற்றியிருந்தார்கள். சொந்த கிராமத்தில், மூதாதையர் பக்கத்தில் புதைக்கவேண்டும். வருஷா வருஷம் சிங்மிங் திருநாளன்று பிள்ளைகள் வந்து கல்லறையைப் பெருக்கிப் படையல் போடவேண்டும். இல்லாவிட்டால் ஆவி பசியோடு அலையும். அப்படி ஒரு நம்பிக்கை.

இதற்காகவே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே பணம் கட்டிவிட வேண்டும். சங்கத்தின் தலைவர் சோய் ஸ்யூ ஹோய் என்கிற டுனீடின் நகரத்துப் பெரிய வியாபாரி. 1883-ல் இதே மாதிரி 230 பேரை ஊருக்கு அனுப்பிவைத்த அனுபவஸ்தர். 1902-ம் வருடத்துக் கப்பலிலும் அவர் இருந்தார். பெட்டிக்குள். அதற்கு முந்தைய வருடம்தான் இறந்துபோயிருந்தார். அப்புறம், உயிரோடு சில சீனக் கிழவர்கள். பெட்டிகளுக்குத் துணையாகப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டால் டிக்கெட் இலவசம். ஊர் போய்ச் சேர அவர்களுக்கு வேறு வழியில்லை.

கிளம்பிய மறுநாள் கப்பல் ஒரு பாறையில் மோதியது. 28-ம் தேதி ராத்திரி ஹோகியாங்கா என்ற இடத்துக்கு அப்பால் மூழ்கியது. கப்பல் தலைவர் உட்பட 13 பேர் இறந்தார்கள். பிற்பாடு கரை ஒதுங்கிய எலும்புகளை மாவோரி பழங்குடி மக்கள் எடுத்துத் தங்கள் இடுகாட்டுப் பக்கமே புதைத்தார்கள். யாரோ, எவரோ. ஆனாலும் புதைத்தார்கள்.

இதே ஏற்பாடு கலிஃபோர்னியாவில் இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஊர்வாரியாகச் சங்கங்கள் இருந்தன. ஆறு கம்பெனிகள் என்று வெள்ளைக்காரர்கள் மொத்தமாகப் பெயர் வைத்திருந்தார்கள். சங்கத்துக்குப் பாக்கி வைக்காமல் கட்டித் தீர்த்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் ஊர் திரும்ப டிக்கெட் கிடைக்கும். கப்பல் கம்பெனியோடு அப்படி ஓர் ஒப்பந்தம். அந்த வசூலில் ஒரு பங்கு, செத்தவர்களின் எலும்புகளை அனுப்புகிற செலவுக்கு. அமெரிக்காவின் குறுக்கே ரயில் பாதை போட்டு முடித்த மறு வருடம், 1870 ஜூனில், ஸாக்ரமெண்டோ பத்திரிகை ஒன்றில் ஒரு சின்ன செய்தி வந்தது. சுமார் 20,000 பவுண்டு எடையுள்ள எலும்புகள் ரயிலில் வந்து இறங்கியிருக்கின்றன, கிட்டத்தட்ட 1,200 சீனத் தொழிலாளிகளுடையவை என்று. இப்படி வருகிற பெட்டிகளெல்லாம் ஹாங்காங்கின் துங் வா ஆஸ்பத்திரிக்குப் போகும். 1872-ல் திறந்த தரும ஆஸ்பத்திரி அது. அங்கிருந்து கிராமம் கிராமமாகப் பிரித்து அனுப்புவார்கள்.

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இது பிரீமியமாகத்தான் தெரிகிறது. எங்கே சாவோம், எப்போது சாவோம் என்று தெரியாது. ஆனால் செத்தபின் என்ன ஆகவேண்டும் என்பது முடிவாகிவிட்டது. பணமும் கட்டியாகிவிட்டது. நடத்திக் கொடுக்க ஒரு நிர்வாகமும் இருக்கிறது. உலகத்திலேயே இவ்வளவு துல்லியமாக முன்னேற்பாடு செய்துவைத்த கூலித் தொழிலாளர்கள் வேறு யாராவது இருப்பார்களா என்பது சந்தேகம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவர்களுடைய கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் காலத்தில் அமெரிக்க டாக்டர்கள் ஒரு புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். 'சீனர்கள் சாவைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார்கள்.'

புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. சீன மொழியில் நான்கு என்ற எண்ணின் உச்சரிப்பும் சாவு என்ற சொல்லின் உச்சரிப்பும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் பல கட்டடங்களில் நாலாவது மாடியே கிடையாது. மூன்றுக்கு அப்புறம் ஐந்து. யாருக்கும் கடிகாரம் பரிசு கொடுக்கமாட்டார்கள். 'கடிகாரம் கொடுப்பது' என்று வாய்விட்டுச் சொன்னால் 'இறுதிக்காரியம் செய்வது' என்று காதில் விழும். நோயாளியின் எதிரே சாவு என்ற பேச்சை எடுப்பது அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி. நம் வீடுகளிலும் விளக்கு வைத்த நேரத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

டாக்டர்கள் எதைப் பேசச் சொன்னார்கள்? அதற்கு ஒரு குட்டி ஃபிளாஷ்பேக்.

செயற்கை சுவாசக் கருவி வந்த பிறகு சாவுக்குப் புதிதாக ஒரு வாசல் உண்டானது. உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கலாம். யார் கதவைத் திறப்பது? நோயாளியே முன்கூட்டி எழுதிவைத்துவிட்டால் என்ன என்று கேட்டவர் லூயி குட்னர் என்ற சிகாகோ வக்கீல். 1969-ல் ஒரு சட்டப் பத்திரிகையில் அவர் எழுதிய யோசனைக்குப் பெயர் லிவிங் வில். உயிரோடு இருக்கும்போதே அமலுக்கு வருகிற உயில். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1975-ல் கேரன் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண் நினைவிழந்து விழுந்தாள். கருவியை எடுக்கச் சொல்லிப் பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1976 மார்ச்சில் நியூஜெர்ஸி உச்சநீதிமன்றம் சம்மதித்தது. (கருவியை எடுத்தபின் அந்தப் பெண் தானாகவே மூச்சு விட்டுக்கொண்டு 1985 வரை இருந்தாள் என்பது தனிக்கதை.) அதே 1976-ல் கலிஃபோர்னியா, லிவிங் வில்லுக்கு அங்கீகாரம் கொடுத்தது. அமெரிக்காவிலேயே முதல் மாநிலம். 1990-ல் நான்ஸி க்ரூஸன் வழக்கு. அதே வருடம் புதுச் சட்டம். 1991 டிசம்பர் 1 முதல், அரசாங்க இன்ஷூரன்ஸ் பணம் வாங்குகிற எந்த ஆஸ்பத்திரியும் உள்ளே வருகிற நோயாளியிடம், 'எழுதி வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்டாகவேண்டும்.

கேட்டார்கள். சீனக் கிழவர் பதில் சொல்லவில்லை. ஃபாரத்தைக் கொடுத்தார்கள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏன்?

'கலாசாரம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள் ரொம்ப பேர். எனக்கு இந்த வார்த்தையின்மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கச் சோம்பலாக இருக்கும்போது சொல்வதற்குத் தோதான வார்த்தை. கொஞ்சம் புரட்டுவோம்.

1882-ல் சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டமே போட்டது. ஓர் இனத்தின் பெயரைச் சொல்லிக் கதவடைத்த சட்டம். 1943 வரை நீடித்தது. எடுத்தபிறகும் வருடத்துக்கு 105 பேர்தான் என்றார்கள். 105! நம்மூர் டவுன் பஸ் ஒன்றில் அதைவிட அதிகம் பேர் தொங்கிக்கொண்டு போவார்கள்.

1900 மார்ச்சில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் சைனா டவுனில் ஒருவர் பிளேக் நோயில் இறந்தார். உடனே பேட்டையைச் சுற்றிக் கயிறு கட்டி போலீஸை நிறுத்திவிட்டார்கள். சில வாரம் கழித்து, சீனர்கள் எல்லாரும் கட்டாயம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. மூன்று வருடம் முன்னால்தான் நம் பம்பாயில் வைத்து ஹாஃப்கின் கண்டுபிடித்த அதே பிளேக் ஊசி. சீனர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஊசிக்குத் தடை. இரண்டாம் முறை பேட்டையைச் சுற்றி வளைத்தபோதும் போனார்கள். தடுப்பு எல்லை வெள்ளைக்காரர் இருக்கிற கட்டடங்களை மட்டும் நைஸாகச் சுற்றிக்கொண்டு போவதைக் கோர்ட் கவனித்தது. ஜூனில் அதையும் எடுக்கச் சொன்னது. நகரத்து ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளாத காரணத்தால் அவர்களே பணம் போட்டுத் தங்களுக்கென்று 1925-ல் ஓர் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டார்கள்.

காகிதத்தின் கதை இன்னும் விசேஷம். 1906 பூகம்பத்திலும் தீயிலும் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. 'நான் இங்கேதான் பிறந்தேன்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னார்கள். அப்படிக் குடிமகனானவர் சீனாவில் இருக்கும் தன் மகன்களை வரவழைக்கலாம். இல்லாத மகன்களையும் வரவழைக்கலாம். காகித மகன்கள் என்று அவர்களுக்குப் பெயர். அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் வைத்துக் குடைந்தெடுத்தார்கள். உன் வீட்டு வாசல் எந்தத் திசை? கிணற்றுக்கு எத்தனை அடி? பக்கத்து வீட்டுக்காரனுக்கு எத்தனை பிள்ளை? ஒரு பதில் பிசகினால் திரும்ப வேண்டியதுதான். தப்பித்து உள்ளே வந்தவர், அடுத்தவர் பெயரில் கல்யாணம் செய்து, அடுத்தவர் பெயரில் வரி கட்டி, அடுத்தவர் பெயரிலேயே கிழவனானார். 1956-க்குப் பிறகு 'உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள், பார்த்துச் செய்கிறோம்' என்று அரசாங்கம் கூப்பிட்டபோது ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அந்தப் பயத்தில் போகாமலே இருந்துவிட்டவர்களும் ஏராளம்.

இப்பேர்ப்பட்ட ஒருவரை ஆஸ்பத்திரி கட்டிலில் படுக்கவைத்து, இங்கிலீஷில் அச்சடித்த சர்க்கார் ஃபாரத்தை நீட்டி, 'உங்களுக்குச் சிகிச்சை தேவையில்லாத சந்தர்ப்பங்களைக் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள்' என்றால் அவருக்கு என்ன தோன்றும்? எனக்காக இருந்தால், வைத்தியம் பார்க்காமல் தள்ளிவிடத்தான் வழி தேடுகிறார்கள் என்று தோன்றியிருக்கும்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். 1965-ல் சட்டம் மாறியபிறகு தைவான், ஹாங்காங், பின்னால் சீனாவிலிருந்தே வந்து குடியேறியவர்களுக்கு இந்தக் காகித பயம் நேரடியாகக் கிடையாது. அவர்களுடைய சிக்கல் வேறு. அது வீட்டுக்குள் இருந்தது.

2019-ல் வந்த 'தி ஃபேர்வெல்' படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இயக்குநர் லூலூ வாங் தன் குடும்பத்துக் கதையையே எடுத்திருந்தார். சீனாவில் இருக்கும் பாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய். டாக்டர் குடும்பத்தாரிடம் சொல்கிறார். குடும்பம் பாட்டியிடம் சொல்லவில்லை. ஒரு கல்யாணத்தைச் சாக்கு வைத்து எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அமெரிக்காவில் வளர்ந்த பேத்திக்குத் தாங்கவில்லை. பாட்டியின் உயிர், பாட்டியிடம் சொல்லாவிட்டால் எப்படி? உங்கள் ஊரில் ஒருவரின் உயிர் அவருக்கு மட்டும் சொந்தம், இங்கே அது குடும்பத்துக்குச் சொந்தம் என்று பெரியவர்கள் விளக்குகிறார்கள். அந்தச் சுமையை நாங்கள் சுமக்கிறோம், பாட்டி எதற்குச் சுமக்கவேண்டும்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. (நிஜப் பாட்டி, நோய் கண்டுபிடித்து ஆறு வருடம் கழித்துப் படம் வெளியானபோதும் நன்றாகவே இருந்தார்.) ஆனால் அந்தச் சுமை ஆஸ்பத்திரியில் எப்படி இறங்கும் என்று யோசியுங்கள். அப்பாவுக்கு நினைவில்லை. தொண்டையில் குழாய் போடலாமா, வேண்டாமா? அப்பாவின் விருப்பம் யாருக்கும் தெரியாது. கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லை. வேண்டாம் என்று சொல்கிற மூத்த மகன், பெற்றவனைக் கொன்ற பாவியாகிவிடுவான். ஷியாவ் என்பார்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடமை. அது தவறிப்போகும். எனவே, 'எல்லாம் செய்யுங்கள் டாக்டர்.' எல்லாம் என்பதில் விலா எலும்பு நொறுங்க நெஞ்சை அழுத்துவதும் அடக்கம் என்பது அவனுக்குத் தெரியாது. அமெரிக்க டாக்டர்கள் நடுவே 'கலிஃபோர்னியா மகள்' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் தூர தேசத்திலிருந்து கடைசி நாளில் வந்து இறங்கி, 'ஏன் எதுவும் செய்யவில்லை?' என்று சத்தம் போடுகிற மகளுக்குப் பெயர். அது எல்லா இனத்திலும் இருக்கிறது. பசிபிக் சமுத்திரத்தின் இரண்டு கரையிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

இதில் மொழிபெயர்ப்புக் கூத்து வேறு. சீன மொழி என்பது ஒன்றல்ல. கான்டனீஸ் பேசுகிறவருக்கு மாண்டரின் புரியாது. தைவான்காரர் படிப்பது பழைய எழுத்து, சீனாக்காரர் படிப்பது சுருக்கிய எழுத்து. சைனா டவுன் பாட்டி பேசும் தாய்ஷான் கிராமத்துப் பேச்சுக்கு ஆஸ்பத்திரியில் ஆளே கிடைக்காது. பேரனைக் கூப்பிடுவார்கள். 'இதயம் நின்றுபோனால் மறுபடி ஓட வைக்கவேண்டாமா என்று உன் பாட்டியைக் கேள்.' எந்தப் பேரன் கேட்பான்? மொழி தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பு வசதி செய்யவேண்டும் என்று 2000-ல் கிளிண்டன் ஓர் உத்தரவு போட்டார். 2025-ல் டிரம்ப் அதை ரத்து செய்தார்.

இந்த முடிச்சை அவிழ்க்க, சீனர்களுக்குள்ளிருந்தே ஆட்கள் வரவேண்டியிருந்தது. முதல் உதாரணம் 1971-லேயே இருக்கிறது. சைனா டவுனை ஒட்டித் தொடங்கிய ஆன் லோக் என்ற முதியோர் அமைப்பு. முதியோர் இல்லத்தில் கொண்டு தள்ளாமல், பகலில் அழைத்துவந்து வைத்தியமும் சாப்பாடும் கொடுத்து, ராத்திரி வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். பின்னால் அமெரிக்க அரசாங்கம் அதையே மாதிரியாக வைத்து நாடு முழுக்கத் திட்டம் போட்டது.

அடுத்தது 2005. ஸாண்டி சென் ஸ்டோக்ஸ் என்ற நர்ஸ், கலிஃபோர்னியாவில் சீனர்களுக்கான ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். கடைசிக்கால வைத்தியத்தைப் பற்றிச் சீன மொழியில், சீனர்களைக் கொண்டே சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. தொண்டர்களைப் பழக்கினார்கள். ஃபாரங்களை மொழிபெயர்த்தார்கள். இதெல்லாம் எல்லாரும் செய்வது. அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் பிரமாதம். சீட்டுக்கட்டு அடித்தார்கள்.

நிஜச் சீட்டுக்கட்டு. 54 சீட்டு, நாலு ஜாதி. பெயர், 'இதயத்துக்கு இதயம்'. ஒவ்வொரு சீட்டிலும் சீனத்திலும் இங்கிலீஷிலும் ஒரு விருப்பம். உடம்பு சம்பந்தப்பட்டது, மனசு சம்பந்தப்பட்டது, உறவு, பணம் என்று பலதும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, தனக்கு முக்கியமான சீட்டுகளைப் பொறுக்கவேண்டும். வேண்டாததைக் கழிக்கவேண்டும். கடைசியில் கையில் நிற்கும் சீட்டை ஏன் வைத்துக்கொண்டாய் என்று பக்கத்து ஆளுக்குச் சொல்லவேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

என்ன தந்திரம் பாருங்கள். இங்கே யாரும் சாவைப் பற்றிப் பேசவில்லை. நானா சொன்னேன், சீட்டு சொல்கிறது. அதைப் படித்துத்தான் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு அம்மாவின் கையில் எந்தச் சீட்டு மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. வலி வேண்டாம் என்பதா, வீட்டில் இருக்கவேண்டும் என்பதா, யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்பதா? நாளைக்கு ஆஸ்பத்திரியில் அவள் சொல்லப்போவது தன் முடிவை அல்ல, அம்மாவின் சீட்டை. பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடமை அப்போது தவறுவதில்லை, நிறைவேறுகிறது.

சீனர்களின் பழைய நூலான ஷு ஜிங்கில் ஐந்து பாக்கியங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. நீண்ட ஆயுள், செல்வம், நோயில்லாத நிம்மதி, அறத்தில் நாட்டம். ஐந்தாவது என்ன தெரியுமா? விதித்த ஆயுளை முடித்து நல்லபடியாகப் போய்ச்சேர்வது. புது வருஷத்தன்று ஐந்து பாக்கியமும் உன் வாசலுக்கு வரட்டும் என்று வாழ்த்துகிற ஜனங்கள், நல்ல சாவையும் சேர்த்துத்தான் வாழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். வயதான பெற்றோருக்கு உயிரோடிருக்கும்போதே சவப்பெட்டி செய்து வீட்டில் வைப்பது அங்கே பிள்ளைகளின் பெருமையாக இருந்தது. அதற்குப் பெயர் ஆயுள் பலகை. பேசமாட்டார்களாம்!

தற்செயலோ என்னவோ, அமெரிக்காவில் 1997-ல் பிரபலமான லிவிங் வில் ஃபாரத்தின் பெயர் 'ஐந்து விருப்பங்கள்'. அது சமுத்திரம் தாண்டியது. 2006-ல் பெய்ஜிங்கில் 'தேர்வும் கௌரவமும்' என்ற இணையதளம் தொடங்கியவர்கள் அதை அடியொற்றி 'என்னுடைய ஐந்து விருப்பங்கள்' தயாரித்தார்கள். அந்த முயற்சியில் ஒருவர் சென் ஷியாவ்லூ. மாவோ காலத்து மார்ஷல் சென் யீயின் மகன். 1972-ல் அப்பா புற்றுநோயில் கிடந்தபோது, போதும் நிறுத்துங்கள் என்று கேட்டவர். அந்த முடிவு மகன் கையிலும் இல்லை, டாக்டர் கையிலும் இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டார். தைவான் 2000-லேயே சட்டம் போட்டது. நோயாளியே தீர்மானிக்கலாம் என்கிற விரிவான சட்டம் 2019 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சீனாவில் ஷென்ஜென் நகரம் 2023 ஜனவரி 1 முதல் லிவிங் வில்லை ஏற்றுக்கொண்டது. எலும்புகள் திரும்பிப் போன அதே குவாங்டோங் மாகாணத்து நகரம்.

கலிஃபோர்னியாவில் 2009 முதல் இன்னொரு காகிதமும் புழக்கத்தில் இருக்கிறது. தீவிர நோயாளிகளுக்கானது. டாக்டரும் நோயாளியும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். கண்ணைப் பறிக்கிற இளஞ்சிவப்புத் தாளில் அடிக்கச் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தால் முதலில் தேடிப் பார்க்கும் இடம் என்பதால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கச் சொல்கிறார்கள். இதற்குச் சீன மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் அது படித்துத் தெரிந்துகொள்ள மட்டும். கையெழுத்து இங்கிலீஷ் தாளில் போட்டால்தான் செல்லும். சீனத் தாளை அதற்குப் பின்னால் செருகி வைத்துக்கொள்ளலாம்.